மூன்றடிச் சந்தும் ஐம்பத்தைந்து அங்குல டிவியும்

கரையாம்புத்தூர் சுப்பராயலுவுக்குப் பங்காளிக் காய்ச்சல் கண்டு நாலு வருஷம் ஆகிறது. அதே காய்ச்சல் வேறு ஆளுக்கு வந்திருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பான். இல்லாவிட்டால் சாராயக்கடையில் நாலு பேர் கேட்கக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து படுத்திருப்பான். சுப்பராயலு இரண்டும் செய்யவில்லை. டிவி பார்க்க உட்கார்ந்தார்.

அவர் பார்த்தது சினிமா இல்லை, சீரியல் இல்லை, செய்திகூட இல்லை. தன் வீட்டுக்கும் தம்பி புகழ்வேந்தன் வீட்டுக்கும் நடுவில் கிடக்கிற மூன்றடிச் சந்தைப் பார்த்தார். கொல்லையில் இருந்த போர் மோட்டாரின் கேபிளைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள் என்று சென்னையில் வேலை பார்க்கும் மகன் அரிகரன் வந்து ஒரு கேமராவை மாட்டி, அதை டிவியில் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் பஸ் ஏறிய மறுநாளே அப்பன்காரர் ஏணி போட்டு ஏறி, மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவைச் சந்துப் பக்கம் திருப்பினார். மோட்டாரை மாரியம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்.

தனக்கொடி அவர் மனைவி. முப்பது வருஷமாகச் சோறு போடுகிறவள் என்பதால் அவரைப் பற்றி ஊருக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். கரும்புக்கு எப்போது தண்ணீர் கட்டுவது, நெல்லுக்கு எப்போது மருந்தடிப்பது, எல்லாம் அந்த மனுஷனுக்கு விரல் நுனியில். எதிரில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னால்தான் திருதிருவென்று முழிப்பார். அவள் பிறந்த ஊரான குருவிநத்தத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று அவர் பெண்ணைப் பார்க்கவில்லை. வாசலில் விட்ட புதுச் செருப்பு இருக்கிறதா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும் என்று தனக்கொடி இன்றைக்கும் சொல்வாள்.

அந்த டிவி அவர் காசு கொடுத்து வாங்கியதும் இல்லை. பிரான்சில் இருக்கும் பெரியப்பா மகன் குழந்தைவேல் லீவுக்கு வந்தபோது புதுச்சேரியில் எடுத்த வாடகை வீட்டுக்காக வாங்கியது. திரும்பிப் போகிறபோது, “நீயே வெச்சிக்கோ தம்பி, அங்க தூக்கினு போவ முடியுமா?” என்று கொடுத்துவிட்டுப் போனார். ஓலெட் என்று பேர். கறுப்பு வந்தால் அமாவாசைக் கறுப்பு, நீலம் வந்தால் கண்ணில் ஒட்டுகிற நீலம். அப்படிப்பட்ட டிவியில், காலை ஐந்தரை மணியிலிருந்து இரவுச் சாப்பாடு வரைக்கும், ஒரு சந்து.

சந்து யாருடையது என்று கேட்டால் பத்திரம் இருக்கிறது. புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட தாத்தா காலத்துப் பத்திரம், பிரெஞ்சில் எழுதியது. ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. ஆகவே அண்ணன் ஒருவிதமாகவும் தம்பி ஒருவிதமாகவும் படித்துக்கொண்டார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தால் எதிரில் வருகிறவன் பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான் அதன் அகலம். அதற்காக ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை.

அவர்கள் அடித்துக்கொண்டு போகட்டும். தனக்கொடியின் வயிற்றெரிச்சல் வேறு. சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகாலட்சுமி அவளுடைய கூடப் பிறந்த தங்கச்சி. கொழுந்தனுக்குப் பெண் தேடியபோது, “வெளியில எதுக்குத் தேடறீங்க, என் தங்கச்சி இல்லியா?” என்று சொல்லிக் கூட்டிவந்து வைத்தவளே இவள்தான். தங்கச்சியும் அவள், ஓரகத்தியும் அவள். இந்த வீட்டில் குழம்பு கொதித்தால் அந்த வீட்டில் சோறு வெந்த காலம் அது. கேமராவைத் திருப்பிய அன்று சுப்பராயலு ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னார்.

“அந்த வூட்டு வாசப்படிய மிதிச்சேன்னு வெச்சிக்கோ, அப்புறம் இங்க வராத. நான் வயல்ல இருந்தா இன்னா, கேமரா இருக்குது.”

அதோடு அக்கா தங்கச்சி பேச்சு நின்றுபோயிற்று.

அசையாத படத்தையே வருஷக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தால் அந்த டிவிதான் என்ன செய்யும்? படம் திரையில் கறையாகப் படிந்துவிட்டது. மத்தியானம் சுப்பராயலு வயலுக்குப் போனதும் தனக்கொடி சீரியல் போடுவாள். கல்யாண மண்டபம் வந்தாலும் கோர்ட்டு வந்தாலும் இடது பக்கத்தில் மகாலட்சுமி வீட்டுக் கதவு மங்கலாக நிற்கும். கதாநாயகி அழுதால் அந்தக் கதவுக்குள் நின்று அழுவாள். தனக்கொடி இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கதவு அங்கே இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

கதவோடு சேர்ந்து இன்னொன்றும் படிந்திருந்தது. புகழ்வேந்தன் தண்ணீர் பிடித்து வைக்கச் சந்தில் போட்டிருந்த நீலப் பிளாஸ்டிக் டிரம். அதை எடுக்கச் சொல்லிச் சுப்பராயலு ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டார். ஒரு வாரத்தில் எடுத்துவிட வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். நாலாம் நாளே புகழ்வேந்தன் அதை உருட்டிக்கொண்டு போய்விட்டான். ஆனால் சுப்பராயலுவின் டிவியில் டிரம் நகரவில்லை.

“எடுத்துட்டாங்க. உருட்டிக்கினு போனத நான் பாத்தன்,” என்றாள் தனக்கொடி.

“அப்ப இது இன்னா?” என்று திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

“அது கறைங்க.”

“கறையாம்! மூடிகூடத் தெரியுது, கறைங்கறா!”

எழுந்து பத்தடி நடந்து எட்டிப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் சந்துப் பக்கம் போனால் தம்பி முகத்தில் முழிக்க வேண்டி வருமே. கண்புரைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அலமாரியில் தூங்குகிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அந்த டிவியை நம்பினார். கட்டின பெண்டாட்டியை நம்பவில்லை.

வாரம் முடிந்ததும் மாரியம்மன் கோயில் வாசலில் பெரியவர்கள் கூடினார்கள். எடுத்தாயிற்று என்றான் தம்பி. இல்லை என்றார் அண்ணன். “என் ரெண்டு கண்ணால பாத்தன். இன்னைக்குக் காலையிலகூட பாத்தன்!” என்று கற்பூரத்தை ஏற்றச் சொல்லி, ஓங்கி அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். ஊரில் கற்பூரம் அடித்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இருந்தாலும் ஒரு பெரியவர் சந்தேகப்பட்டு, “எதுக்கும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்” என்றார். கூட்டம் மொத்தமும் எழுந்து சந்துக்கு வந்தது. அங்கே ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. டிரம் இருந்த இடத்தில் வட்டமாகத் தடம் மட்டும்தான் இருந்தது.

கண்ணால் கண்டதும் பொய் என்பது பழமொழி. அதைக் கற்பூரம் அடித்து நிரூபித்தவர் ஜில்லாவிலேயே சுப்பராயலு ஒருத்தர்தான். அன்றிலிருந்து ஊருக்குள் அவர் பேர் டிரம் சுப்பராயலு.

வீட்டுக்கு வந்து டிவியைப் பார்த்தார், டிரம் இருந்தது. வெளியே ஓடிப்போய்ச் சந்தைப் பார்த்தார், இல்லை. உள்ளே வந்தார், இருந்தது. மகனுக்குப் போன் போட்டார். “சேனல மாத்திப் பாருப்பா” என்றான் அவன். மாற்றினார். செய்தி வாசிக்கிற பெண்ணின் தோளில் டிரம் உட்கார்ந்திருந்தது. கிரிக்கெட் மைதானத்தில் இருந்தது. ஏதோ கோயில் கும்பாபிஷேகத்தில் கோபுரத்தை ஒட்டிக்கொண்டு இருந்தது. பொய்ச் சத்தியம் குடும்பத்தின் மேல் விழுமே என்ற பயத்தில் அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு அபிஷேகம் செய்தார். தேங்காய்த் தட்டோடு பக்கத்தில் நின்ற தனக்கொடியின் காதில் அவர் வேண்டுதல் விழுந்தது. “தாயே, சத்தியம் பண்ணது நான் இல்ல, டிவி.” ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சன்னதி என்றுகூடப் பாராமல் அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

இத்தனை பட்ட பிறகு ஒரு மனுஷன் கேமராவைக் கழற்றி வைப்பானா, மாட்டானா? சுப்பராயலு புது டிவி வாங்குவது என்று முடிவு செய்தார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகாலட்சுமியின் மகள் செல்வகுமாரிக்குக் கல்யாணம் குறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பந்தக்கால் நடுகிறார்கள். பத்திரிகையைப் பெரியவர் ஒருத்தர் கையில் மஞ்சள் குங்குமத்தோடு கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஐந்து வயது வரை தனக்கொடியின் இடுப்பில் வளர்ந்த பெண் அது. பந்தக்காலுக்கு மஞ்சள் தடவப் பெரியம்மாக்காரி இல்லாமல் எப்படி? தனக்கொடிக்கு வேறொன்றும் வேண்டாம். அந்த வாசலில் அந்த நேரத்தில் நிற்க வேண்டும்.

“ஒரு நாளைக்கு மட்டும் போய்ட்டு வந்துடறங்க,” என்று கேட்டுப் பார்த்தாள்.

“ஒருத்தரும் போவக் கூடாது. பந்தக்கால அவன் சந்துல நட்டுட்டான்னா அப்புறம் சந்து அவனுதுன்னு ஆயிடும். வெள்ளிக்கெழமைக்குள்ள கறை பிடிக்காத டிவி ஒண்ணு வாங்கணும். கெளம்பு.”

புதன்கிழமை இரண்டு பேரும் வில்லியனூருக்குப் போனார்கள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. ஒரு சுவர் முழுக்க டிவிகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும், எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடியது. கலர் கலராக மீன்கள் நீந்தின. ஆண்டனி என்ற விற்பனைக்காரர் வந்தார், நாற்பது வயதிருக்கும், பொறுமைசாலி.

“எதுக்கு சார் டிவி? கிரிக்கெட் அதிகமா பாப்பீங்களா, படம் பாப்பீங்களா?”

“சந்து.”

ஆண்டனி கொஞ்சம் யோசித்தார். “அது எந்தச் சேனல் சார்?”

தனக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்பராயலு விளக்கிச் சொன்னார். கேட்டு முடித்ததும் ஆண்டனி ஓலெட் வரிசையிலிருந்து அவரைப் பக்குவமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“இது உங்களுக்கு வேணாம் சார். இதுல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுது. ஒரே படத்த நாள் முழுக்க வெச்சா அந்த எடம் தேஞ்சிடும், அதுலயும் நீலம் சீக்கிரம் தேயும். சாதா எல்இடி எடுங்க. பின்னால லைட்டு, முன்னால படம். இது அவ்ளோ சீக்கிரம் கறை பிடிக்காது.”

“அவ்ளோ சீக்கிரம்னா? பிடிக்குமா, பிடிக்காதா?”

“எந்த டிவியா இருந்தாலும் படம் அசைஞ்சாத்தான் சார் நல்லது. நடுவுல நடுவுல நிறுத்திடுங்க.”

“நிறுத்தன நேரத்துல அவன் எதனா பண்ணிட்டா?”

கறை விழுந்தால் கேரன்டியில் வராது என்று ஆண்டனி முன்கூட்டியே சொல்லி வைத்தார். “அப்ப கேரன்டி இன்னாத்துக்கு, நெத்தியில ஒட்டிக்கவா?” என்று சுப்பராயலு எகிறினார். பிறகு சோதனை என்று ஆரம்பித்தார். இந்த மீன் கீன் எல்லாம் வேண்டாம், அசையாத படத்தைப் போடு என்றார். விலை எழுதிய அட்டைப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதன் முன்னால் முக்கால் மணி நேரம் கைகட்டி நின்று, கறை படிகிறதா என்று பார்த்தார். கடைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். தனக்கொடிக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. முக்கால் மணி நேரத்தில் படிவதற்கு அது என்ன சாம்பார்க் கறையா?

கடைசியில் தன் போனைக் கொடுத்து, “எங்க வூட்டுக் கேமராவையே போடு, பாக்கலாம்” என்றார். ஆண்டனி ஏதோ ஒயரை மாற்றினார். சுவரில் இருந்த அத்தனை டிவியிலும் மீன்கள் போய்ச் சந்து வந்தது.

அப்போது பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மகாலட்சுமி வெளியே வந்தாள்.

பத்துப் பன்னிரண்டு மகாலட்சுமிகள் வந்தார்கள். முறத்தை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து நவதானியம் புடைத்தார்கள். வீட்டு டிவியில் கறைக்கும் மங்கலுக்கும் நடுவில் பார்த்துப் பழகிய தனக்கொடிக்கு இந்தத் தெளிவு தாங்கவில்லை. தங்கச்சி கண்ணாடி போட்டிருந்தாள். வகிட்டின் இரண்டு பக்கமும் நரைத்திருந்தது. எழுந்திருக்கும்போது முட்டியில் கையை ஊன்றி, இன்னொரு கையால் சுவரைப் பிடித்து எழுந்தாள். நாற்பத்தைந்து வயதுகூட முடியாதவள். எப்போது இப்படி ஆனாள்? தினம்தானே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தனக்கொடி திரைக்கு இன்னும் கிட்டே போனாள்.

கிரைண்டர் வாங்க வந்த ஒரு அம்மாள் நின்று பார்த்துவிட்டு, “இது இன்னா சீரியல்?” என்று கேட்டாள்.

“சீரியல் இல்லமா. என் தங்கச்சி,” என்றாள் தனக்கொடி, கடை முழுக்கக் கேட்கும்படி. சுப்பராயலு முறைத்தார். அவள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. போவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். திரும்பச் சேர்த்துக்கொள்கிறாரா இல்லையா என்பது அவர் பாடு, அவர் டிவி பாடு.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆண்டனியே வண்டியில் வந்து இறங்கினார். பழைய டிவியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஐம்பத்தைந்து அங்குலப் புது எல்இடியை மாட்டினார். தம்பி வீட்டில் பந்தல்காரர்கள் மூங்கில் இறக்குகிற சத்தம் கேட்டது. சுப்பராயலு நாற்காலியைத் திரைக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, “சீக்கிரம்பா, சீக்கிரம்பா” என்று அவரை அரித்தெடுத்தார். படம் வந்தது. பளிங்கு போல இருந்தது. டிரம்மும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

தனக்கொடி அரக்குப் பட்டு கட்டி, தலையில் பூ வைத்து, தட்டில் புடவை, வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் கிழங்கு எல்லாம் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“எங்க போற?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“டிவி பாருங்க, தெரியும்.”

படியிறங்கிச் சந்துக்கு வந்தாள். நாலு வருஷமாக மலையாகத் தெரிந்த இடத்தைக் கடக்க எத்தனை எட்டு? எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. சந்தைப் பார்த்த ஜன்னல் வழியாகச் சுப்பராயலுவின் குரல் கேட்டது. வெளியே வந்து அவளைத் தடுக்கவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆண்டனியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது கறையா, நெசமா?”

“லைவ் சார். அம்மாதான் நடந்து போறாங்க.”

“நல்லா பாத்துச் சொல்லுப்பா. ஒரு வாட்டி ஏமாந்துட்டன்.”

இந்த ஆளுக்குப் பயந்தா நாலு வருஷம் உள்ளே கிடந்தோம் என்று தனக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடே கதவைத் தட்டினாள்.

மகாலட்சுமி திறந்தாள். அவள் சிரிக்கவில்லை, கட்டிப்பிடித்து அழவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து அக்காவையும் தட்டையும் பார்த்தாள்.

“போன கார்த்திகைல எனக்கு வயித்துல ஆப்ரேஷன். நடக்க முடியாம நாற்காலில உக்கார வெச்சி இந்தச் சந்து வழியாத்தான் தூக்கினு போனாங்க. அத பாத்தியாக்கா?”

தனக்கொடி பார்த்திருந்தாள். நன்றாகவே பார்த்திருந்தாள். சுப்பராயலு அன்று வயலில் இருந்தார், வீட்டில் அவள் மட்டும்தான். சீரியல் பார்க்க உட்கார்ந்தவள் சேனலை மாற்றாமல், நாற்காலி திரையின் ஓரத்தைத் தாண்டும்வரை பார்த்து, முந்தானையைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவி, ராத்திரிக்குத் தோசை வார்த்தாள். தடுக்க அன்று யாரும் இல்லை. கதவும் பூட்டியிருக்கவில்லை. முப்பது வருஷமாக அந்த மனுஷனைக் கேலி செய்துகொண்டிருந்தாளே, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது யார்?

“பாத்தன்,” என்றாள்.

“திரும்பி வந்தத?”

“அதையும் பாத்தன்டி.”

பந்தல்காரன் வெளியிலிருந்து நேரமாகிறது என்று குரல் கொடுத்தான். மகாலட்சுமி அக்காவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

“மஞ்ச கொழச்சி வெச்சிருக்குது. மூத்த சுமங்கலி யாரும் இன்னும் வரல. கைய கழுவிக்கினு வா.”

தனக்கொடி உள்ளே போனாள். கூடத்தைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் போய், வழக்கமான இடத்தில் குழாயைத் தேடினாள். அங்கே சுவர் இருந்தது. அந்த வீட்டுக்குள் எதை எதையோ இடித்துக் கட்டியிருந்தார்கள். கல்யாண வேலையாக ஓடிக்கொண்டிருந்த பெண்கள் அவளை யாரோ என்று பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். அவள் திரும்பி வந்து, கூடப் பிறந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

“கொழா எங்கடி இருக்குது?”